ஒவ்வாமைக் கண் அழற்சிக்கு எச்10.13-ஆ, எச்10.45-ஆ?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சென்னையிலிருந்து அமெரிக்கக் கண் மருத்துவர்களின் சார்ட்டுகளுக்குக் கோடிங் செய்யும், அதாவது அவற்றில் உள்ள நோய்களுக்குக் குறியீட்டு எண் போடும் குழுவில் ஆறு மாதங்களுக்கு முன் சேர்ந்திருக்கிறீர்கள். ஒரு சார்ட்டில், நோய் இன்னது என்று முடிவு எழுதும் அசெஸ்மென்ட் பகுதியில் மருத்துவர் “அலர்ஜிக் கன்ஜங்டிவைடிஸ், ஓ.யு.” (இரு கண்களிலும் ஒவ்வாமைக் கண் அழற்சி) என்று மட்டும் எழுதியிருந்தார். நான்கு ஆண்டுகளாக ஒவ்வொரு வசந்தத்திலும் கண் அரிப்பு வருவதாக நோயாளி சொன்னது முன்வரலாற்றில் இருந்ததால், நீங்கள் நாட்பட்ட வகைக்கான எச்10.45 போட்டீர்கள், உங்கள் டீம் லீடரும் அதுவே சரி என்றார். ஆடிட்டர் அதைப் பிழை என்று குறித்து, இரு கண்களின் திடீர் வகைக்கான எச்10.13 என்று திருத்திவிட்டார். இருவரில் யார் சொல்வது சரி, இனி இப்படி வரும்போது எதைப் பார்த்து முடிவு செய்வது என்பது உங்கள் கேள்வி.

ஆடிட்டர் சொல்வதுதான் சரி. ஆனால் டீம் லீடர் சொன்னதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அது தெரிந்தால் இந்தக் குழப்பம் ஏன் இத்தனை ஆண்டுகளாக விடாமல் தொடர்கிறது என்பது புரியும்.

அமெரிக்காவில் நோய்களுக்கு எண் தரும் ஐசிடி-10-சிஎம் தொகுதியின் இண்டெக்ஸைத் திறந்து கன்ஜங்டிவைடிஸ் என்ற தலைப்பின்கீழ் அலர்ஜிக் என்ற உட்தலைப்பைப் பாருங்கள். அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், திடீர் வகையைக் குறிக்கும் அக்யூட் என்ற சொல் இருக்கும். கோடிங் மொழியில் அடைப்புக்குறிக்குள் வரும் சொல், மருத்துவர் எழுதினாலும் எழுதாவிட்டாலும் எண்ணை மாற்றாத சொல். நாம் நான்எசென்ஷியல் மாடிஃபையர் என்று படித்தது அதைத்தான். ஆகவே வெறுமனே “அலர்ஜிக்” என்று எழுதப்பட்டிருந்தாலே இண்டெக்ஸ் நம்மை அக்யூட் அடோபிக் வகைக்கு, அதாவது எச்10.1 வரிசைக்கு அனுப்புகிறது. அங்கே வலக்கண் எச்10.11, இடக்கண் எச்10.12, இரு கண்களும் எச்10.13, எந்தக் கண் என்று குறிப்பிடாதது எச்10.10. எச்10.45 கிடைக்க வேண்டுமானால் அதே உட்தலைப்பின்கீழ் இன்னும் ஒரு படி இறங்கி, நாட்பட்டதைக் குறிக்கும் க்ரானிக் என்ற வரியைத் தொட வேண்டும். அந்த வரியைத் தொடும் உரிமை மருத்துவர் அந்தச் சொல்லை எழுதியிருந்தால் மட்டுமே நமக்கு உண்டு.

ஐசிடி-10-சிஎம் நடைமுறைக்கு வந்த 2015 அக்டோபர் 1-ஆம் தேதிக்கு முன் நிலைமை நேர்மாறாக இருந்தது. ஐசிடி-9-சிஎம் இண்டெக்ஸில் அலர்ஜிக் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருந்தது க்ரானிக். வெறும் “அலர்ஜிக் கன்ஜங்டிவைடிஸ்” என்றால் அன்று 372.14, அதாவது நாட்பட்ட வகை. ஹே ஃபீவர் உடன் இருந்தால் மட்டும் 372.05 என்ற அக்யூட் அடோபிக் எண். புதிய தொகுதிக்கு மாறிய அந்த ஒரே நாளில், எந்த மருத்துவரும் தம் எழுத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாத நிலையில், அதே இரண்டு சொற்களின் இயல்புப் பொருள் நாட்பட்டதிலிருந்து திடீர் வகைக்குப் புரண்டது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒட்டிவைக்கும் மாற்றுப் பட்டியலை வைத்துப் பழகியவர்கள் 372.14-க்கு நேராக எச்10.45 இருப்பதைக் கண்டு அதையே கைப்பழக்கமாக்கிக்கொண்டார்கள். எண்ணுக்கு எண் மாற்றினால் அது சரி. சொல்லிலிருந்து தொடங்கினால் தவறு. உங்கள் டீம் லீடர் ஐசிடி-9 காலத்தில் தொழில் கற்றவராக இருந்தால், அவர் நினைவில் தங்கியிருப்பது அந்தப் பழைய இண்டெக்ஸாக இருக்க வாய்ப்பு அதிகம். நானும் அந்தக் காலத்து ஆள்தான். மாறிய முதல் சில மாதங்களில் இதே பிழைக்காக என் மதிப்பெண்ணும் குறைந்திருக்கிறது.

“நான்கு ஆண்டுகளாக வருகிறதே, அது நாட்பட்டது இல்லையா?” என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். இங்கேதான் நாம் கோடர் என்ற எல்லையைத் தாண்டிவிடுகிறோம். ஆண்டுதோறும் மரமகரந்தம் பறக்கும் காலத்தில் வந்து, சில வாரங்களில் முழுதும் அடங்கிப் போகிற அழற்சி, ஒவ்வொரு முறையும் புதிதாக எழும் திடீர் அழற்சியா, ஒரே நாட்பட்ட நோயின் தலைதூக்கலா என்பது மருத்துவத் தீர்ப்பு. இரண்டு கண் மருத்துவர்கள் இதில் இரண்டு விதமாக எழுதலாம், இருவருமே சரியாக இருக்கலாம். நோயாளி சொன்ன கால அளவைப் பார்த்து நாம் க்ரானிக் என்று முடிவு கட்டினால், நோயை நாம் நிர்ணயித்தவர்களாகிவிடுகிறோம். மருந்தைப் பார்த்து முடிவு கட்டுவதும் அப்படித்தான். ஓலோபடடின் சொட்டு மருந்து மூன்று மாதத்துக்கு எழுதப்பட்டிருக்கிறது, ஆகவே நாட்பட்டது என்று ஒரு கோடர் என்னிடம் வாதிட்டதுண்டு, அது காரணமாகாது.

சீசனல், பெரென்னியல் என்ற இரண்டு சொற்களும் தனிச் சங்கடம் தருபவை. மருத்துவ நூல்கள் ஒவ்வாமைக் கண் நோயைப் பிரிக்கும் முதல் பிரிப்பே அதுதான்: பருவத்தை ஒட்டி மகரந்தத்தால் வருவது ஒன்று, வீட்டுத் தூசிச் சிற்றுண்ணி, வளர்ப்புப் பிராணிகளின் செதில் போன்றவற்றால் ஆண்டு முழுதும் இருப்பது மற்றொன்று. ஆனால் எச்10-க்குள் இந்தப் பிரிப்புக்கு இடமே கிடையாது; அங்கே இருப்பது அக்யூட், க்ரானிக் என்ற பிரிப்பு. சீசனல் என்று மட்டும் எழுதியிருந்தால் நான் அலர்ஜிக் என்ற இயல்பு வழியில் எச்10.1 வரிசைக்கே போவேன். பெரென்னியல் என்று மட்டும் எழுதியிருந்தால் க்ரானிக் என்று மொழிபெயர்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, மருத்துவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்கும் க்வெரி அனுப்ப வழியிருந்தால் அனுப்புவேன். ஒரே மருத்துவர் இந்தச் சொல்லை மாதத்துக்கு முப்பது சார்ட்டுகளில் எழுதுகிறார் என்றால் முப்பது க்வெரி தேவையில்லை. அவர் எந்தப் பொருளில் எழுதுகிறார் என்று க்ளையன்ட் வழியாக ஒருமுறை எழுத்தில் கேட்டு, இனி அக்யூட் அல்லது க்ரானிக் என்ற சொல்லையும் சேர்த்து எழுதும்படி வேண்டிக்கொள்வதே நல்லது.

இந்தத் தொகுதியில் எனக்கு இன்றும் புரியாத ஒரு விசித்திரம் உண்டு. சில வாரங்களில் போய்விடும் அக்யூட் வகைக்கு வலம், இடம், இருபுறம் என்று தனித்தனி எண்கள் இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் எச்10.45-க்கும் வெர்னல் வகையான எச்10.44-க்கும் பக்கப் பிரிவே கிடையாது. ஆகவே எச்10.45-க்குப் பின்னால் ஆறாம் இலக்கமாக 3 சேர்த்து இரு கண்கள் என்று காட்ட முயல வேண்டாம். அப்படி ஓர் எண் இல்லை, காப்பீட்டுக்குப் போகும் க்ளெய்ம் முதல் வாசலிலேயே திரும்பிவிடும்.

வெர்னல் வகையில் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பிழையின் விலை அங்கே அதிகம். பெரும்பாலும் சிறுவர்களுக்கு, அதிலும் வெப்பமும் வறட்சியும் மிகுந்த பகுதிகளில் காணப்படும் கடும் ஒவ்வாமை நோய் அது. மேலிமையைப் புரட்டிப் பார்த்தால் உட்புறம் கூழாங்கல் பாவியதுபோல் பெரிய புடைப்புகள் தெரியும். கருவிழியும் வெண்படலமும் சேரும் விளிம்பில் ட்ரான்டாஸ் புள்ளிகள் எனப்படும் வெண்புள்ளிகள் தோன்றலாம். முற்றினால் கருவிழியிலேயே கேடய வடிவப் புண் உண்டாகிப் பார்வையைக் கெடுக்கலாம். குறியீட்டுத் தொகுதி இதை இரண்டு வீடுகளில் வைத்திருக்கிறது. வெண்படலத்தோடு நின்றுவிட்டால் எச்10.44. விளிம்பும் கருவிழியும் பாதிக்கப்பட்டிருந்தால் எச்16.26 வரிசை, இதில் வலக்கண் எச்16.261, இடக்கண் எச்16.262, இரு கண்களும் எச்16.263. இரண்டுக்கும் இடையே எக்ஸ்க்ளூட்ஸ்1 குறிப்பு இரு பக்கமும் இருக்கிறது, ஆகவே ஒரே நோய்க்கு இரண்டையும் சேர்த்துப் போட முடியாது.

நடைமுறையில் மருத்துவர்கள் எழுதுவது “வி.கே.சி.” என்ற மூன்றெழுத்து. நடுவில் உள்ள கே கெரடோ என்பதன் சுருக்கம், அதாவது கருவிழி அழற்சியும் சேர்ந்தது. இண்டெக்ஸ் அதை எச்16.26-க்கே அனுப்பும். ஆனால் பல மருத்துவர்களுக்கு இது வெர்னல் நோய் முழுமைக்குமான வழக்குப் பெயராகிவிட்டது. கருவிழியில் ஒன்றுமே இல்லாத சிறுவனுக்கும் வி.கே.சி. என்றே எழுதுவார்கள். அசெஸ்மென்டில் வி.கே.சி. என்றும், ஸ்லிட் லாம்ப் பரிசோதனையில் “கார்னியா க்ளியர், லிம்பஸ் நார்மல்” (கருவிழி தெளிவு, விளிம்பு இயல்பு) என்றும் ஒரே சார்ட்டில் இருந்தால், எதை நம்புவது என்று நாமாகத் தீர்மானிக்காமல் கேட்டுவிட வேண்டும். 2021 ஜூன் மாதத்தில் வெர்னல் கெரடோ வகைக்கென்றே ஒரு சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்துக்கு அமெரிக்க மருந்து ஆணையம் ஒப்புதல் தந்திருக்கிறது. இப்படிப்பட்ட விலை உயர்ந்த மருந்துக்கு முன்அனுமதி கேட்கும்போது காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பது நோயின் எண்ணையும், அதற்கு ஆதாரமாகக் கருவிழியில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதையும்தான்.

மற்ற இரண்டு வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அடோபிக் கெரடோகன்ஜங்டிவைடிஸ், தோல் கரப்பான் உள்ள பெரியவர்களுக்கு வருவது. இதற்குத் தனி எண் இல்லை, எச்16.29 என்ற “குறிப்பிட்ட பிற” வரிசையில் வைத்து, மருத்துவர் தோல் நோயையும் எழுதியிருந்தால் எல்20 வரிசை எண்ணையும் சேர்க்கலாம். பெயரில் அடோபிக் என்று இருப்பதால் எச்10.1-க்கு ஓடுவது புதியவர்கள் செய்யும் பிழை. எச்10-இன் தலையிலேயே கெரடோகன்ஜங்டிவைடிஸ் இங்கே சேராது என்று எக்ஸ்க்ளூட்ஸ்1 சொல்கிறது. மேலிமையின் உட்புறம் பெரிய புடைப்புகள் எழும் ஜயன்ட் பாப்பிலரி வகைக்கு எச்10.411, எச்10.412, எச்10.413, கான்டாக்ட் லென்ஸ் அணிபவர் என்று இருந்தால் இசட்97.3 கூடுதலாகப் போகலாம்.

இனி வலமா இடமா என்ற பக்கக் குறிப்பு. உங்கள் சார்ட்டில் ஓ.யு. என்று தெளிவாக இருந்ததால் சிக்கலில்லை. பல சார்ட்டுகளில் அசெஸ்மென்டில் நோயின் பெயர் மட்டும் இருக்கும், பக்கம் இருக்காது. உடனே எச்10.10-க்குப் போகாதீர்கள். மருத்துவரே எழுதிய பரிசோதனைப் பகுதியில் இரு கண்களின் வெண்படலத்திலும் புடைப்பும் சிவப்பும் குறிக்கப்பட்டிருந்தால் அதுவும் அவர் எழுத்துதான். 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த அதிகாரபூர்வ வழிகாட்டு விதிகளிலிருந்து, நோயாளியின் மருத்துவர் பக்கத்தைக் குறிப்பிடாதபோது அதே பதிவேட்டில் எழுத அனுமதி பெற்ற பிற மருத்துவப் பணியாளர்களின் குறிப்பிலிருந்தும் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நோயாளியை முதலில் பார்க்கும் டெக்னீஷியன் எழுதிய “வலக்கண் அரிப்பு, 3 நாள்” என்ற வரி இப்படித்தான் உதவுகிறது. இரண்டும் முரண்பட்டால் மருத்துவரைத்தான் கேட்க வேண்டும். முந்தைய வருகையின் குறிப்பை அப்படியே நகல் எடுத்து ஒட்டும் பழக்கத்தால் இந்த முரண்பாடு அடிக்கடி வருகிறது: நோயாளி சொன்ன குறையில் வலக்கண், பரிசோதனையில் இரு கண்கள், அசெஸ்மென்டில் போன மாதத்து இடக்கண்.

சுருக்கெழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏ.சி. என்று அசெஸ்மென்டில் வந்தால் அது அலர்ஜிக் கன்ஜங்டிவைடிஸ், பரிசோதனையில் “ஏ.சி. டீப் அண்ட் க்வயட்” என்று வந்தால் அது கண்ணின் முன்னறை, நலமாக இருக்கிறது என்று பொருள். சொல்தேடல் பெட்டியில் ஏ.சி. என்று தட்டி, முன்னறையை ஒவ்வாமையாக்கிய சார்ட்டை நான் ஆடிட்டில் பார்த்திருக்கிறேன். கண் புரை ஆபரேஷனுக்காக வந்தவர் பாவம்.

மருத்துவர் “ப்ராபபிள் அலர்ஜிக்”, “ரூல் அவுட் அலர்ஜிக்” என்று எழுதியிருந்தால், வெளிநோயாளர் விதிப்படி அந்த நோய்க்கு எண் கிடையாது. அன்று உறுதியாகத் தெரிந்த அறிகுறிக்குத்தான் எண். வெண்படலச் சிவப்புக்கு எச்11.43 வரிசை, வெண்படல வீக்கத்துக்கு எச்11.42 வரிசை என்று போக வேண்டும். வைரஸா ஒவ்வாமையா என்று முதல் வருகையில் பிரித்தறிய முடியாமல் போவது கண் மருத்துவத்தில் இயல்பு. அந்த ஐயத்தை நேர்மையாக எழுதிய மருத்துவருக்கு நாம் உறுதியான எண்ணைப் போட்டுக் கொடுப்பது உதவி ஆகாது.

ஒவ்வாமை கண்ணோடு நிற்பதில்லை. மூக்கொழுகலும் சேர்ந்து “மகரந்தத்தால் அலர்ஜிக் ரைனைடிஸ்” என்று எழுதியிருந்தால் ஜே30.1 சேரும். பூனை வளர்க்கிறார் என்று சமூக வரலாற்றில் இருப்பதை வைத்து மட்டும் ஜே30.81 போடக் கூடாது. மூக்கு நோயும் அதன் காரணமும் இரண்டும் மருத்துவர் வாக்கில் இருக்க வேண்டும். இமைத்தோல் தடித்துச் சிவந்திருப்பதை இமையின் அலர்ஜிக் டெர்மடைடிஸ் என்று அவர் எழுதினால் எச்01.11 வரிசை, அங்கே கண் மட்டும் போதாது, மேலிமையா கீழிமையா என்பதும் வேண்டும்.

சொட்டு மருந்தே ஒவ்வாமையைக் கிளப்பிய சார்ட்டுகளில் புதியவர்கள் தடுமாறும் ஓர் இடத்தைக் காட்டுகிறேன். நியோமைசின் சொட்டு போட்டதால் கண்ணும் இமையும் வீங்கிவிட்டதாக மருத்துவர் தொடர்புபடுத்தி எழுதியிருக்கிறார். மருந்தால் உண்டான நோயின் எண் முதலில், மருந்தின் பாதக விளைவு எண் அடுத்து. மருந்துப் பட்டியலில் நியோமைசின் என்று தேடியவுடன் கண்ணில் படும் டி36.5 வரிசையை எடுத்துவிடுவார்கள். அது உடலுக்குள் செலுத்தப்படும் நுண்ணுயிர்க்கொல்லிக்கு உரியது. அதன்கீழே கண் மருந்து என்ற உள்வரி தனியாக இருக்கிறது, அது டி49.5 வரிசைக்குப் போகும். முதல் சிகிச்சைக் கட்டத்தில் டி49.5எக்ஸ்5ஏ. கடும் ஒவ்வாமைக்காக ஸ்டீராய்டு சொட்டு போட்டு கண் அழுத்தம் கூடியவர்களுக்கும் இதே முறைதான்: மருத்துவர் எழுதியபடி ஸ்டீராய்டு ரெஸ்பாண்டர் என்றால் எச்40.04 வரிசை, மருந்தால் வந்த க்ளாகோமா என்றால் எச்40.6 வரிசை, பின்னால் மருந்தின் எண்.

க்வெரி எழுதும் விதத்திலும் கவனம் வேண்டும். “நோயாளிக்கு நான்கு ஆண்டுகளாகத் தொல்லை இருப்பதால் க்ரானிக் என்று மாற்றித் தர இயலுமா?” என்று எழுதினால், அது விடையை வாயில் ஊட்டும் கேள்வி, ஏற்கப்பட்ட க்வெரி நெறிமுறைக்கு மாறானது. நான் எழுதுவது ஏறத்தாழ இப்படி இருக்கும்: “அசெஸ்மென்டில் அலர்ஜிக் கன்ஜங்டிவைடிஸ், இரு கண்கள் என்று உள்ளது. முன்வரலாற்றில் நான்கு ஆண்டுகளாக வசந்தத்தில் அரிப்பு என்றும், பரிசோதனையில் இரு கண்களிலும் மேலிமைப் புடைப்பு 2+, கார்னியா க்ளியர் என்றும் உள்ளது. இந்த வருகையில் சிகிச்சை பெற்ற நிலையின் வகையைத் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்: அக்யூட், க்ரானிக், வெர்னல், வேறு, தீர்மானிக்க இயலவில்லை.” சார்ட்டில் இருப்பதை இருந்தபடி எடுத்து வைத்து, ஆதாரமுள்ள எல்லா வாய்ப்புகளையும், தெரியவில்லை என்ற வாய்ப்பையும் தருகிறோம். எந்த விடை வந்தால் எவ்வளவு பணம் என்ற பேச்சு அதில் எங்கும் இருக்கக் கூடாது.

நோய் எண் ஒருபுறம் இருக்க, வருகையின் அளவைக் கணக்கிடும்போது கண்ணில் படாமல் போகும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2021 முதல் அலுவலக வருகைகளின் நிலை மருத்துவரின் முடிவெடுப்பாலோ செலவிட்ட நேரத்தாலோ தீர்மானிக்கப்படுகிறது. மருந்துச் சீட்டு மேலாண்மை இருந்தால் அபாயப் பகுதி நடுத்தர நிலைக்கு உயரும். ஒரு காலத்தில் ஓலோபடடின் என்றாலே சீட்டு மருந்து. 2020 பிப்ரவரியில் அதன் 0.1 மற்றும் 0.2 சதவீதச் சொட்டுகள் அமெரிக்காவில் சீட்டில்லாமல் கடையில் கிடைக்க ஒப்புதல் பெற்றன; கீடோடிஃபென் அதற்கு முன்பே அப்படித்தான். “கடையில் வாங்கிப் போடவும்” என்று மருத்துவர் எழுதிய சார்ட்டில் பழைய நினைவில் சீட்டு மேலாண்மைக்கு மதிப்புக் கொடுத்துவிடாதீர்கள். வழக்கமான கண் பரிசோதனைக்கு வந்தவரிடம் இந்த அழற்சி தற்செயலாகத் தெரியவந்தால் இசட்01.01 முதலிலும் எச்10 எண் அடுத்தும் வரும். எந்தக் காப்பீட்டுக்கு அனுப்புவது என்பதை உங்கள் க்ளையன்டின் எழுத்துபூர்வ அறிவுறுத்தலைப் பார்த்துச் செய்யுங்கள்.

உங்கள் சார்ட்டுக்குத் திரும்பினால், ஆடிட்டரின் திருத்தத்தை எதிர்த்து மறுப்பு அனுப்ப இடமில்லை, எச்10.13 அப்படியே நிற்கும். அதோடு விட்டுவிடாமல், இதே மருத்துவரின் கடந்த ஒரு மாதச் சார்ட்டுகளில் எச்10.45 போனவற்றை வடிகட்டி எடுத்து, க்ரானிக் என்ற சொல் எத்தனையில் உண்மையாக இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பட்டியலையும், இண்டெக்ஸின் அந்த ஒரு வரியின் படத்தையும் சேர்த்து டீம் லீடரிடம் கொடுத்தால், பழைய இண்டெக்ஸோடு நீங்கள் நேருக்கு நேர் வாதாட வேண்டிய அவசியம் இருக்காது.